நிஸாம் நானா போட்ட எஞ்சின்

போன சனிக்கிழமை காலை. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகிற வழியில், பலகடுவ ஏற்றத்தில், ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் என் பச்சை நிற மொரிஸ் மைனர் பொனெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், மெக்கானிக் நிஸாம் நானா. மூன்று பேரும் குனிந்து ஒரு பழைய செய்தித்தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ்ஸில் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கார் நின்றுபோன கவலையில் ராசிபலன் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் அதைவிட மோசம்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று வாரங்களுக்கு முன், இதே பக்கத்தில், இதே மூலையில், 'புது எஞ்சினும் அரைகுறை வேலையும்' என்று எழுதியிருந்தேன். என் காருக்கு எஞ்சின் மாற்றித் தந்த மெக்கானிக்கை ஒரு பிடி பிடித்திருந்தேன். பெயர் போடவில்லை. அது என் பெருந்தன்மை என்று எனக்கு நினைப்பு. ஆனால் உக்குவளையில் பச்சை மைனருக்கு ஜப்பான் எஞ்சின் போட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரே ஒருவர்தான்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கும் அது உதவும். இரண்டு மாதமாக நான் குழம்பிய குழப்பத்தை வரிசைப்படுத்திப் பார்க்க இன்னும் முடியவில்லை.

நான் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். போக வர என் மைனர். கார் என்னுடையது, ஓட்டுவது நான். என் கணவர் சிவநேசன் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உத்தியோகம் பார்க்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். வேலை மாற்றலாகி வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு மாத்தளையிலேயே தங்கிவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஆனால் என் காரைப் பற்றி யார் பேசினாலும் அவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "சேர், இந்த மைனர் லீட்டருக்கு எவ்வளவு ஓடுதுங்க?" அவர் என்னைப் பார்ப்பார். நான் பதில் சொல்வேன். கேட்டவர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். இது எங்களுக்குப் பழகிவிட்டது.

காரின் பழைய எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஆறேழு பேர் ஏறிய தள்ளுவண்டி மாதிரிப் போகும். பின்னால் வருகிற லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தே என் காதைச் செவிடாக்கினார்கள். அதனால்தான் ஏழு மாதத்துக்கு முன் நிஸாம் நானாவிடம் விட்டேன். அவர் ஒரு ஜப்பான் எஞ்சினைத் தேடிப்பிடித்து, சுத்தம் பண்ணி, மைனருக்குள் உட்கார வைத்தார். கூடவே ஒரு வேலையும் செய்தார். எஞ்சினின் ஹெட்டை, அதாவது மேல்மூடியை, அடிப்பக்கம் மெல்லிசாகச் சீவி எடுத்தார். அப்படிச் சீவினால் உள்ளே இடம் குறையுமாம். பெற்றோல் கூடுதலாக அமுங்கி எரியுமாம். ஏற்றத்தில் இழுவை வருமாம்.

வந்தது. ஐந்து மாதம் நான் ராணி மாதிரி ஓட்டினேன். பலகடுவ ஏற்றத்தில் ஒரு நாள் ஒரு வேனையே முந்தினேன். வெளியே பார்த்தால் அந்தக் காலத்து மைனர், உள்ளே இருப்பது வேறு ஆள். அது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் மாதிரி ஒரு சந்தோஷம்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது.

ஏற்றத்தில், மூன்றாவது கியரில், காலை அழுத்தும்போது மட்டும். டிக்டிக்டிக்... தகர டின்னில் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். சமதரையில் இல்லை. இறக்கத்தில் இல்லை. ஏற்றம் வந்தால் டிக்டிக்டிக்.

நானாவிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிப் பார்த்தார். அவருக்கு மெலிதாகத்தான் கேட்டது.

"நொக்கிங், டீச்சர். பெற்றோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முந்தியே எரிஞ்சி அடிக்குது. டைமிங்ல கொஞ்சம் கை வெச்சாச் சரி."

டிஸ்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினார். மறுபடி ஓட்டினோம். சத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷம். அவருக்கும் சந்தோஷம்.

நாலாம் நாள் பலகடுவயில் டிக்டிக்டிக்.

மறுபடி போனேன். இந்த முறை ஹெட்டைக் கழற்றி உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டினார். அவ்வளவாகக் கரி இல்லை என்று அவரே சொன்னார். சத்தம் போனது. ஒரு வாரத்தில் வந்தது. பிளக்கை மாற்றினார். போனது... வந்தது. ரேடியேட்டரைக் கழுவினார். போனது... வந்தது. காபரேட்டரைப் பிரித்துப் பூட்டினார். அதற்கும் அப்படியேதான். கடைசியில் ஒக்டேன் தொண்ணூற்றிரண்டு பெற்றோலை விட்டுவிட்டு விலை கூடிய தொண்ணூற்றைந்தை அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஒரு வாரம் நிம்மதி. அடுத்த வாரம் சத்தம் முன்பைவிட மோசமாக வந்தது.

விலை கூடிய பெற்றோல் போட்டால் சத்தம் கூடுமா? யாராவது எனக்கு விளக்குங்கள்.

விளக்க ஆள் பஞ்சமில்லை. மாத்தளையில் கார் இல்லாதவர்கள் உண்டு, கார் வைத்தியம் தெரியாதவர்கள் இல்லை. ஆசிரியர் அறையில் சங்கீத டீச்சர் வால்வு என்றார். உப அதிபர் பேரிங் என்றார். மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கும்போது வெற்றிலைக்காரர் காரைக் கண்ணால் பார்த்தபடியே "சைலன்சர்ங்க" என்றார். எல்லாரும் என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அது அவருடைய சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

இதற்குள் இன்னொரு குழப்பம். என் காரில் பெற்றோல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போனது. ஒரு மூங்கில் குச்சியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதை டாங்குக்குள் விட்டு அளப்பேன். ஒரு நாள் அளந்துவிட்டுக் கண்டிக்குப் போய் வந்தேன். மறுநாள் மாலை மறுபடி அளந்தால்... கோடு இறங்கவே இல்லை. ஒரு விரல்கூட இறங்கவில்லை. இன்னொரு வாரமும் அப்படித்தான்.

சத்தம் போடுகிற எஞ்சின் பெற்றோலை மிச்சம் பிடிக்கிறதே என்று ஆசிரியர் அறையில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். நானாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நொக் அடிக்கிற எஞ்சின் பெற்றோல் கூடக் குடிக்கணும், டீச்சர். கொறையிறண்டா... எனக்கு வெளங்குதில்ல. குச்சி சரிதானே?"

குச்சி சரிதான். எனக்குக் கோபம் வந்தது. குச்சியைச் சந்தேகப்படுகிறவருக்கு எஞ்சின் தெரியுமா என்று தோன்றியது. அன்றிரவே உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எழுதி அனுப்பினேன்.

கோபத்தில் எழுதினால் தமிழ் நன்றாக வருகிறது. அது ஒரு சாபம். 'ஹெட்டைச் சீவியவர் கொஞ்சம் அளந்து சீவியிருக்கலாம்' என்று ஒரு வரி. எழுதும்போது எனக்கே சிரிப்பு. நாலைந்து வாசகர்கள் போன் பண்ணிப் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் மாத்தளை டவுனில் கார் சாமான் விற்கும் கடைக்கு ஒரு ரப்பர் குழாய் வாங்கப் போனேன். கடை முதலாளி என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார்.

"நல்லா குடுத்திருந்தீங்க டீச்சர். யட்டவத்தயில இருந்து ஒருத்தர் பழைய காருக்கு எஞ்சின் மாத்தறதுக்கு நிஸாம்கிட்ட பேசி வச்சிருந்தாரு. ஒங்க பேப்பரக் காட்டி வேணாம்னுட்டாரு. இன்னொரு ஆளும் யோசிக்கிறாராம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என் எழுத்துக்கு யட்டவத்த வரை மதிப்பு. படியிறங்கும்போதுதான் உறைத்தது. ஒருவருடைய பிழைப்பில் கை வைத்துவிட்டோமோ? ஆனால் சத்தம் இருக்கிறதே... அது பொய்யில்லையே... நான் எழுதியதில் என்ன பிழை? காரை எடுத்தேன். வீடு போகும் வழியிலிருந்த சின்ன மேட்டில்கூட டிக்டிக்டிக். பார்த்தாயா, நான் எழுதியது சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நானா சண்டைக்கு வரவில்லை. போனில் பேசினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பிழையான வேலயோட ஒரு கார் ரோட்ல ஓடக் கூடாது, டீச்சர். ஒங்கட பழைய எஞ்சின நான் வீசல்ல. மூடி வெச்சீக்கிறன். திங்கக்கிழம காரக் கொண்டாங்க. இதக் கழட்டிட்டு அதையே திருப்பிப் போட்டுத் தாறன்."

திரும்பப் போட்டால்? ஊர் என்ன சொல்லும்? நிஸாம் நானா தன் வேலை பிழை என்று தானே ஒப்புக்கொண்டு எஞ்சினைக் கழற்றிவிட்டார் என்று சொல்லும். அதற்குப் பிறகு பழைய காருக்குப் புது எஞ்சின் போட அவரைத் தேடி யார் போவார்கள்? இருபது வருடமாகச் செய்கிற வேலை. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நான் "சரி நானா" என்றேன்.

திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன், அந்தச் சனிக்கிழமை காலை, அவரே மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஸ்பேனர் சாவிப் பை.

"கழட்ட முந்தி ஒரு தரம் அந்தச் சத்தத்த நல்லாக் கேக்கோணும், டீச்சர். எனக்கிட்ட வந்தா அது ஒளிச்சிக்கிற. இண்டைக்கு அது ஈக்கிற எடத்துக்கே நான் வந்தன். சேரும் ஏறுங்க. ஏத்தத்துல ஆள் பாரம் வேணும்."

என் கணவர் அன்று ஏனோ தயங்கினார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். நான்தான் இழுத்து ஏற்றினேன்.

நானா ஓட்டினார். வழியில் பெற்றோல் ஷெட் வந்தது. "நிறுத்துங்க நானா, டாங்க் நெரப்பிட்டுப் போவோம்" என்றேன்.

"எதுக்கு? பெற்றோல் இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒங்க கைல குடுக்கறப்ப எப்பவும் நெரப்பிட்டுத்தானே குடுப்பேன். நீங்க ஓட்டிப் பாக்கறப்ப நடுவழில நின்னா நல்லாவா இருக்கும்?"

அது என் பழக்கம். கராஜுக்குப் போகுமுன் டாங்கை நிரப்பிவிடுவேன். வெறும் டாங்கோடு காரைக் கொடுப்பது, வெறும் கையோடு விருந்துக்குப் போகிற மாதிரி எனக்கு.

நானா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "எப்பவுமா?"

"எப்பவுமே."

அவர் ஷெட்டைத் தாண்டி ஓட்டினார். பின்சீட்டில் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலகடுவ ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியர். நானா காலை அழுத்தினார். டிக்டிக்டிக்டிக்... இதுவரை இல்லாத சத்தம். டின்னுக்குள் கூழாங்கல் போய், கருங்கல் உருண்டது. தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நானாவின் முகத்திலோ இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"இப்ப கேட்டன்" என்று சொல்லிவிட்டுக் காரை ஓரம் கட்டினார்.

பொனெட்டைத் திறந்தார். எஞ்சினைத் தொடவே இல்லை. டிஸ்ரிபியூட்டரைப் பார்க்கவில்லை, பிளக்கைப் பார்க்கவில்லை. பெற்றோல் வருகிற குழாயை மட்டும் கழற்றி, ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் பிடித்தார். மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார். பிறகு சாவிப் பையிலிருந்து மடித்த செய்தித்தாள் ஒன்றை எடுத்துக் காரின் மட்கார்டில் விரித்தார். பையில் பிளக் கழுவ ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். அதிலிருந்து ஒரு சொட்டு. என் காரிலிருந்து பிடித்ததில் ஒரு சொட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டார்.

"பாருங்க" என்றார்.

மூன்று பேரும் குனிந்தோம். அப்போதுதான் கவனித்தேன். அது எந்தத் தாள் என்று. மேலே என் படம். கீழே 'புது எஞ்சினும் அரைகுறை வேலையும்'.

மடிப்பு தேய்ந்திருந்தது. பல தடவை பிரித்துப் படித்த தாள்.

அவருடைய சொட்டு கண்ணெதிரே சுருங்கிக் காய்ந்து போனது. அடையாளமே இல்லை. என் காரின் சொட்டு காயவில்லை. எண்ணெய்க் கறையாகப் பரவி, என் படத்தின் நெற்றி வரைக்கும் போய் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... அப்படியே இருந்தது.

"மண்ணெண்ணெய் கலந்தீக்கி, டீச்சர். கொஞ்ச நஞ்சம் இல்ல. நீங்க டாங்க் நெரப்பிட்டு வாற நேரம் இது நல்ல பெற்றோல்ல கரைஞ்சி தெரியாமப் போற. நான் என்ன செஞ்சாலும் சரியான மாதிரி தெரியும். நாலஞ்சு நாள்ல திரும்ப வரும்." அவர் நிமிர்ந்தார். "எந்த ஷெட்ல அடிக்கிறீங்க?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஷெட்! இத்தனை நாள் என்னை முட்டாளாக்கியது அந்த ஷெட்டா? நாலு வருடமாக அங்கேதான் அடிக்கிறேன். வாய் நிறைய "டீச்சர், டீச்சர்" என்பார்களே. அங்கேயே, ரோட்டோரத்திலேயே, இந்த வாரப் பத்தியின் தலைப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. முதல் வரியும் வந்துவிட்டது. "இருங்க, இந்த வாரம் எழுதறேன் பாருங்க, இந்த ஜில்லாவுக்கே தெரியட்டும்" என்று கைப்பையில் பேனாவைத் தேடினேன்.

"ஷெட்டைப் பற்றி எழுதாதையும்."

என் கணவர்தான் பேசினார். கார் விஷயத்தில் அவர் வாயைத் திறந்து நான் கேட்ட முதல் வசனம் அது.

"ஏங்க?"

"அது நான்தான் ஊத்தினனான்."

தேநீர்க் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். நானா அவரைப் பார்த்தார். அவர் செய்தித்தாளைப் பார்த்தார்.

மெல்ல மெல்ல வெளியே வந்தது. பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் கியூ நின்றோமே, அந்தக் காலத்தில் அவர் கியூவில் நின்று இரண்டு கான் மண்ணெண்ணெய் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்தார். பிறகு கேஸ் வந்துவிட்டது. அடுப்புக்கு மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. நான் கொட்டச் சொன்னேன். அவர் கொட்டவில்லை. ஸ்டோர் ரூம் தட்டில் கறையான் பிடித்தபோது அதில் கொஞ்சம் பூசினார். அதனால்தான் வீட்டில் அந்த வாடை வந்தபோதெல்லாம் கறையானுக்கு என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தை என்ன செய்வது?

"எங்கட மாமான்ர காரும் இதே மைனர்தான்" என்றார். "சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் எங்கால வந்தது? சின்னப் போத்தில்ல ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவினம். பிறகு முழுக்க மண்ணெண்ணெய்தான். கலியாணத்துக்கும் அந்தக் கார்தான், ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கார்தான். ஒண்டும் ஆகேல்ல. இதுக்குக் கொஞ்சம் கலந்தா என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்."

வாரத்துக்கு இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் இரண்டு போத்தல். நான் சமையலறையில் நிற்கிற நேரம் பார்த்து. அந்த நேரத்தில் அவர் காருக்குப் பக்கத்தில் நிற்பதை எத்தனையோ நாள் ஜன்னலால் கண்டிருக்கிறேன். காரைத் துடைக்கிறார், பாவம், எவ்வளவு பிரியம் என்று நினைத்திருக்கிறேன்.

என் குச்சிக் கோடு இறங்காத மர்மம் அங்கேயே தீர்ந்தது.

"தொண்ணூற்றைந்து போட்ட பிறகும் ஏன் கூடினிச்சி?" என்று நானா கேட்டார். குரலில் கோபமில்லை. அவருக்குக் கணக்குச் சரிவர வேண்டும், அவ்வளவுதான்.

"அது விலை கூடவெல்லோ" என்றார் என் கணவர் மெதுவாக. "அதாலை மூண்டு போத்தல் ஊத்தினன்."

நானா பொனெட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பழைய எஞ்சினா ஈந்தா நீங்க சொல்றது சரி, சேர். அது ஏழை எஞ்சின், எதக் குடுத்தாலும் தின்னும். இதுக்கு நான் ஹெட் சீவியீக்கிறன். உள்ள நல்லா அமுக்கும். அமுக்கினா மண்ணெண்ணெய் பொறுக்காது, முந்தியே எரிஞ்சி அடிக்கும். காரப் பாத்து ஏமாந்திட்டீங்க. வெளிய மைனர்தான். உள்ள ஈக்கிறது வேற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொன்னா விடமாட்டீர்." அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "நீர்தானே சொன்னனீர், பெற்றோல் இந்த விலை வித்தால் காரை வித்துப்போட்டு பஸ்ஸில போறன் எண்டு."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். கோபத்தில் ஆயிரம் சொல்வேன்.

"அண்டைக்கு உம்மட முகத்தைப் பார்த்தன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. அந்தக் காருக்கு நான் வேற என்னத்தைச் செய்யிறது? வித்துப்போடாமல் இருந்தால் காணும் எண்டு..."

எனக்குத் திட்டவும் வரவில்லை. இரண்டு மாதமாக ஊரிலுள்ள எல்லாரும் தன்னைப் பார்த்துக் காருக்கு வைத்தியம் சொல்ல, இந்த மனுஷன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். தன் மண்ணெண்ணெய்தான் காரணமாயிருக்குமோ என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லையாம். ஷெட் என்று நானா கேட்ட பிறகுதான் தோன்றியதாம். நம்பலாமா? எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் இன்னொருவருடைய பெயர் பேப்பரில் கெடப்போகிறது என்றவுடன் வாயைத் திறந்தார். எனக்கு அந்தப் புத்தி மூன்று வாரத்துக்கு முன் இல்லை.

நான் நானாவின் பக்கம் திரும்பினேன். செய்தித்தாள் இன்னும் மட்கார்டில் கிடந்தது. எண்ணெய் நெற்றியோடு நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிக்கங்க நானா. தப்புப் பண்ணிட்டேன்."

அவர் தாளை மடித்தார். முன்பு இருந்த மடிப்பிலேயே கவனமாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன டீச்சர்? நான் வேல செஞ்சவன், எனக்குத் தெரியும். யட்டவத்தயில ஈக்கிற மனுசனுக்கு இது கேக்குமா? எழுதின எடத்துலயே எழுதுங்க. அண்டைக்கு எவ்வளவு எழுதினீங்களோ அவ்வளவு. கூட வேணாம். கொறையவும் வேணாம்."

பிறகு தேநீர்க் கடையில் மூன்று பிளேன்டீ சொன்னார். எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

மிச்ச வேலை அரை நாளில் முடிந்தது. நானா காரை உக்குவளையிலுள்ள தன் கராஜுக்குக் கொண்டுபோய் டாங்கைக் காலி பண்ணினார். நல்ல பெற்றோல் ஊற்றினார். இரண்டு மாதமாக எனக்காகத் திருப்பித் திருப்பி வைத்த டைமிங்கை முதல் நாள் வைத்த இடத்துக்கே கொண்டுவந்தார். முதல் நாளே சரியாகத்தான் வைத்திருந்தார். மிச்சமிருந்த ஒரு கான் மண்ணெண்ணெயை என் கணவர் திரீவீலில் ஏற்றி, தானே தூக்கிக்கொண்டு போய் கராஜில் கொடுத்தார். எண்ணெய் படிந்த சாமான்களைக் கழுவ அவர்களுக்கு அது தேவையாம். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஒரு சொட்டும் வீணாகவில்லை.

திங்கட்கிழமை வந்தது. எஞ்சின் கழற்றவில்லை. நான் கண்டிக்குப் போனேன். என் கணவர் கச்சேரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பலகடுவயில் மூன்றாவது கியரில் காலை அழுத்தினேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். தேநீர்க் கடையைத் தாண்டினோம். உச்சியும் வந்துவிட்டது.

"கேக்குதோ?" என்றார்.

"இல்லைங்க."

"எனக்கும் கேக்கேல்ல" என்று சொல்லிவிட்டு, கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

யட்டவத்த அன்பரே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இந்தப் பத்தியை நீங்கள் படிப்பீர்கள் என்பது மட்டும் தெரியும். நிஸாம் நானா போட்ட எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஹெட்டை அளந்துதான் சீவியிருந்தார். அளக்காமல் எழுதியது நான். உங்கள் காரைத் தாராளமாக அவரிடம் கொண்டுபோங்கள். வீட்டு ஸ்டோர் ரூமை மட்டும் போகுமுன் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

நிஸாம் நானா, அன்றைய தாள் உங்கள் பையில்தான் இருக்கிறது. இதைப் பக்கத்தில் வைத்து வரிகளை எண்ணிப் பாருங்கள்... குறைந்தால் சொல்லுங்கள்.